வியாழக்கிழமை விட்ட மாத்திரை

என் அக்கா வீட்டுக்காரருக்கு ரத்தப் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னபோது, அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "அப்ப இன்னைக்கு ரெண்டாம் நம்பருக்கு யாரு கயிறு பார்க்கிறது?" என்பதுதான். அழ ஆரம்பித்திருந்த அக்கா அதை நிறுத்திவிட்டு அவரை முறைத்தாள். டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் இடையில் புகுந்து, இவர் லிஃப்ட் மெக்கானிக், பதினொரு மாடிக் கட்டடத்தில் நாலு லிஃப்ட், அதில் ஒன்றின் இரும்புக் கயிற்றைப் பரிசோதிக்க வேண்டிய நாள் இன்று என்று விளக்கம் சொன்னேன்.

அத்தான் அப்படிப்பட்ட ஆள். அந்தக் கட்டடத்தில் அவருக்கு 'ரெண்டு நிமிஷம்' என்று பெயர். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியை அடித்தால், "பயப்படாதீங்க, ரெண்டு நிமிஷம்" என்பார். சொன்னபடி வந்து கதவைத் திறந்துவிடுவார். இருபத்து மூன்று வருஷத்தில் ஒரே ஒருமுறை மூன்று நிமிஷமாகிவிட்டது. அதற்காக மாட்டிக்கொண்டவரின் அலுவலகத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டார். அவர் ஒரு வக்கீல். இந்த மனுஷன் எதையாவது மறைக்கிறானோ என்று அவர் பயந்துபோய், அன்றிலிருந்து படியேறித்தான் போகிறார்.

அதே கட்டடத்தில் கீழ்த்தளத்து வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான். என் கல்யாணம் நிலைக்காமல் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து நின்றபோது, ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்காமல் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது அவர்தான். எனக்கு வாய் நீளம். யாரையும் எடுத்தெறிந்து பேசிவிடுவேன். அவரிடம் மட்டும் அந்த வாய் அடங்கிப் போகும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நோய் இருப்பது அவருக்குத் தெரியவே இல்லை. பதினொன்றாம் மாடியிலிருந்து மேலே இருக்கும் மெஷின் அறைக்கு இரும்பு ஏணியில்தான் ஏற வேண்டும். அந்தப் பதினெட்டுப் படிக்குள் இரண்டு தடவை நிற்க ஆரம்பித்தார். இடது விலாவுக்குக் கீழே எதையோ வைத்துக் கட்டின மாதிரி கனமாக இருக்கிறது என்றார். வயசு ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது, அதுதான் என்று நாங்களும் விட்டுவிட்டோம். நிறுவனத்தில் வருஷத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். வெள்ளை அணு பத்தாயிரம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு லட்சம் இருந்தது.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜையில், ஒரு அணுவுக்குள் இரண்டு குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அதனால் இருக்கக் கூடாத ஒரு புரதம் உருவாகி, 'பெருகு, பெருகு' என்று ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. இந்த மாத்திரை நேராகப் போய் அந்தப் புரதத்தில் இருக்கும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்துவிட்டால் உத்தரவு போகாது. வளர்கிற அணுவையெல்லாம் கண்மூடித்தனமாக அடிக்கிற பழைய மருந்து மாதிரி இல்லை இது, குறிபார்த்துப் போகிற மருந்து.

அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரிலே ஒட்டிக்கிச்சு."

"என்ன ஒட்டிக்கிச்சு?"

"ரிலே, டாக்டர். மோட்டாருக்குக் கரண்டு போற சின்ன ஸ்விட்ச். சூட்டுல அதோட ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டா, யாரும் பட்டனை அழுத்தாமலேயே மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு அட்டையைச் சொருகினா நின்னுடும். இந்த மாத்திரைதான் அந்த அட்டை."

"அப்படியே வெச்சுக்கலாம். ஆனா அட்டை தினமும் கரைஞ்சு போகும். அதனால தினமும் புதுசு சொருகணும். ஒரு நாளும் விடக் கூடாது."

அவர் தலையாட்டினார். இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்ட நோயாளியை நான் பார்த்ததில்லை என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்குப் பெருமை பிடிபடவில்லை. வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் ரிலேயை விளக்கிக்கொண்டு வந்தார். அந்த ஆள் தான் இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். சாப்பாட்டோடு போட வேண்டும், பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. தலைவலி மாத்திரையோ நாட்டு மருந்தோ எதுவானாலும் கேட்காமல் சேர்க்கக் கூடாது. முகம் வீங்கினாலோ, திடீரென்று எடை ஏறினாலோ, மூச்சு வாங்கினாலோ, எந்தத் தொந்தரவானாலும் உடனே சொல்ல வேண்டும். கிரேப்ஃப்ரூட் என்ற பழத்தைச் சாப்பிடவே கூடாது. அந்தப் பழத்தை எங்கள் குடும்பத்தில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் அத்தான் பழக்கடையில் ஒவ்வொரு ஆரஞ்சையும் கையில் எடுத்து, "இது அதுக்குச் சொந்தமா?" என்று குறுக்கு விசாரணை செய்தார். தாளை மெஷின் அறையில் மின்பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டிவைத்தார்.

காலையில் போட்டால் குமட்டியது. நன்றாகச் சாப்பிடுகிற வேளையில் போடுங்கள் என்றார் டாக்டரம்மா. அவருக்கு அது மதியம்தான். என் மேசைக்குப் பின்னால் துடைப்பமும் வாளியும் வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே இரண்டு நாற்காலி போட்டு ஒரு மணிக்கு நாங்கள் சாப்பிடுவோம். ஐந்து கவளம் சாப்பிட்டதும் மாத்திரை, அதோடு ஒரு சொம்பு தண்ணீர். அக்கா வீட்டிலிருந்து பார்க்க முடியாது. பார்த்தவள் நான் ஒருத்திதான்.

மாத்திரை வேலை செய்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் அந்தத் தவறான அணுவின் அளவைப் பார்ப்பார்கள். ஆரம்பத்தில் அறுபத்தெட்டு சதவீதம். ஒரு வருஷம் கழித்து, பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஏழு. அக்கா அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

ஆனால் மாத்திரை சும்மா இருக்கவில்லை. காலையில் எழுந்தால் அவர் கண்ணுக்குக் கீழே பை பையாக வீங்கியிருக்கும். கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. விரல் இழுத்துக்கொண்டதுதான் அவரை உடைத்துவிட்டது. ஒரு நாள் மூன்றாம் நம்பர் லிஃப்டின் மேலே நின்று போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தபோது விரல்கள் மடங்கிக்கொண்டு திறக்கவில்லை. ஸ்பேனர் நழுவிப் பதினொரு மாடியும் விழுந்து, கீழே பள்ளத்தில் மோதிய சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது. யாருக்கும் அடிபடவில்லை. அவர் கீழே வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க அத்தான்."

"சொன்னா, இந்த வேலைக்கு லாயக்கில்லைன்னு ஒரு கடுதாசி எழுதிக் குடுத்துடுவாங்க. அப்புறம் நான் என்ன பண்றது? உன் மேசையில வந்து உட்காரவா?"

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஒரு தையல்காரர் பழக்கமானார். அவருக்கும் இதே நோய், எட்டு வருஷமாக மாத்திரை சாப்பிட்டவர். "எனக்கு இப்ப நிறுத்திட்டாங்க" என்றார். அத்தானுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. நிறுத்திவிட்ட ஆள் ஏன் இன்னும் இங்கே ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

அடுத்த வியாழக்கிழமை சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு எழுந்தார்.

"அத்தான், மாத்திரை?"

"இன்னைக்கு வியாழக்கிழமை."

"அதுக்கு?"

"வியாழக்கிழமை ஒரு லிஃப்டை நிறுத்திப் போட்டு சர்வீஸ் பண்றோமா இல்லையா? நாலும் ஏழு நாளும் ஓடினா என்ன ஆகும்? தேஞ்சு போகும். உடம்பும் மெஷின்தான். வாரத்துல ஒரு நாள் ஓய்வு குடுத்தா விரல் சரியாயிடும்."

"டாக்டர்கிட்ட கேட்டீங்களா?"

"லிஃப்டை எப்ப நிறுத்தணும்னு நான் டாக்டர்கிட்டயா கேட்கிறேன்? உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாத. ஊரைக் கூட்டிடுவா."

நான் சிரித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சிரிக்கத்தான் செய்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகக்கூட எனக்குப் பட்டது. வெள்ளிக்கிழமை வந்து விரல்களை நீட்டி மடக்கிக் காட்டினார். நிஜமாகவே குறைந்ததா, அவருக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது. விட்ட மாத்திரைகளை மெஷின் அறையில் ஒரு தகர டப்பாவில், வாஷரும் நட்டும் கிடக்கிற இடத்தில் போட்டுவைத்தார். நாலைந்து மாதத்தில் விரல் மறுபடியும் இழுத்தது. திங்கட்கிழமையும் சேர்ந்துகொண்டது.

அடுத்த பரிசோதனையில் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் ஒன்பது. டாக்டரம்மா பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கடுத்தது பூஜ்யம் புள்ளி ஐந்து. அன்று அறைக்குள் அவரும் அக்காவும்தான் போனார்கள். விடாமல் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். "ஒரு நாளும் விட்டதில்லை டாக்டர்" என்று இவர் சொல்லியிருக்கிறார். இவர் முகத்தைப் பார்த்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாப்பாட்டு வேளையில் நான் மெல்ல ஆரம்பித்தேன். "அத்தான், ஒருவேளை அந்த வியாழக்கிழமை..."

"ஏழுல ஒண்ணு. அதுல என்ன வந்துடும்?" என்று சீறினார். திங்கட்கிழமையைக் கணக்கில் சேர்க்கவில்லை. என்னிடம் அவர் அதுவரை குரலை உயர்த்தியதில்லை. பெட்டியோடு வாசலில் நின்ற நாள் ஞாபகம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். ஊரெல்லாம் என் வாய்க்குப் பயப்படும், எனக்கு அந்த ஒரு மாதத்தில் நாலு வார்த்தை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து மூவருமாகப் போனோம். டாக்டரம்மா பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண் ஒன்று புள்ளி மூன்றுக்கு ஏறியிருந்தது.

"மருந்து உங்களுக்குக் கேட்காம போயிடுச்சோன்னு சந்தேகமா இருக்கு. அந்தப் புரதத்தோட உருவம் மாறிட்டா மாத்திரை அங்க உட்கார முடியாது. அதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு, எடுத்துடலாம். வேற மாத்திரைக்கு மாறணும். உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, அந்த மருந்து ரத்தக்குழாயைப் பாதிக்கலாம், அதனால கொஞ்சம் யோசிக்கணும். அதுவும் சரிப்படலைன்னா மஜ்ஜை மாற்று. கூடப் பிறந்தவங்க யார் இருக்காங்க?"

"ஒரு அண்ணன்" என்றாள் அக்கா. அவள் குரல் எனக்கே கேட்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று நான் அவர் வாயையே பார்த்தேன். அவர் சொல்லவில்லை. டாக்டரம்மா எழுதத் தொடங்கிவிட்டார்.

"வியாழக்கிழமை போட மாட்டார்" என்றேன்.

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"வியாழக்கிழமையும் திங்கட்கிழமையும் மாத்திரை போட மாட்டார், டாக்டர். எட்டு மாசமா. திங்கட்கிழமை இப்ப மூணு மாசமாத்தான்."

திட்டு விழப்போகிறது என்று நினைத்தேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "நல்லவேளை" என்றார். "இத்தனை நாள்ல நான் கேட்ட நல்ல சேதி இதுதான். மருந்து தோத்துப் போகாம இருக்கலாம்." பிறகு அத்தான் பக்கம் திரும்பினார். "ஏன் விட்டீங்க?"

அத்தான் விரலைப் பற்றிச் சொன்னார், ஸ்பேனரைச் சொன்னார், தையல்காரரைச் சொன்னார், கடைசியில் லிஃப்ட் சர்வீஸையும் சொன்னார். குரல் இறங்கிக்கொண்டே போனது.

"சர்வீஸ் பண்ணும்போது லிஃப்ட் நிக்குமா, ஓடுமா?"

"நிக்கும் டாக்டர். மெயினை அணைச்சுப் பூட்டுப் போட்டுட்டுத்தான் கையே வைப்போம்."

"வியாழக்கிழமை உங்க நோய் நின்னுச்சா?"

அத்தான் இல்லை என்று தலையாட்டினார்.

"அது பாட்டுக்கு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இந்த மாத்திரை அதோட பிரேக். ஆள் உள்ள இருக்கிற லிஃப்ட்ல, ஓடும்போது பிரேக்கைக் கழட்டி எண்ணெய் போட்டிருக்கீங்க."

"பிரேக்ல எண்ணெய் போடக் கூடாது டாக்டர்" என்றார் அத்தான், கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவர் மாதிரி. அவர் நெற்றி முழுவதும் வியர்த்திருந்தது. அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

டாக்டரம்மா மடமடவென்று சொல்லிக்கொண்டே போனார். நூறு மாத்திரையில் பத்து விட்டாலே பலருக்கு எண் ஏறிவிடும். தையல்காரருக்கு நிறுத்தினது உண்மை, ஆனால் பல வருஷம் எண் அடிமட்டத்திலேயே இருந்த பிறகு டாக்டர் முடிவு செய்து நிறுத்தியது. அவருக்கு அடிக்கடி ரத்தம் பார்க்கிறார்கள், ஏறினால் அன்றைக்கே மறுபடி மாத்திரை. எல்லாருக்கும் அது ஒத்துவராது. விரல் இழுப்பதை முதலிலேயே சொல்லியிருந்தால், ரத்தத்தில் உப்புச் சத்துகளைப் பார்த்து ஏதாவது செய்திருக்கலாம், தேவையானால் மருந்தின் அளவையும் டாக்டரே யோசித்திருக்கலாம்.

"இப்ப மருந்தை மாத்தலை. அந்த டெஸ்டை மட்டும் எடுப்போம். மூணு மாசம் ஒரு நாள் விடாம சாப்பிடுங்க. எண் இறங்கினா இதே மாத்திரை. இறங்கலைன்னா நான் முன்ன சொன்னதுதான்."

வெளியே வந்ததும் அக்கா என் முகத்துக்கு நேராக நின்று, "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து, விட்ட மாத்திரையெல்லாம் எங்கே என்று கேட்டு, தகர டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி எண்ணினாள். நாற்பத்தாறு இருந்தது. மறுநாள் அதை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு வந்தாள், குப்பையில் போடக் கூடாதாம்.

அன்றிலிருந்து அத்தான் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டை மெஷின் அறைக்கு எடுத்துப் போய்விட்டார். ஒரு மணி பத்துக்கு அக்கா போன் செய்வாள், மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்க வேண்டும். ஒரு நாள் வெறும் தண்ணீரைக் குடித்துக் காட்டியிருப்பாரோ என்று சந்தேகப்பட்டு, வீட்டிலிருந்து கிளம்பிப் பதினொரு மாடியும் இரும்பு ஏணியும் ஏறிப் போய் மாத்திரை அட்டையில் அன்றைய இடம் காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். விரல் இழுப்புக்கு டாக்டரம்மா ஏதோ எழுதிக் கொடுத்திருந்தார், பாதி குறைந்தது. இதெல்லாம் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். என் மேசையைக் கடக்கும்போது, "மூணாம் நம்பர் ஓடும். ரெண்டாம் நம்பர் நிறுத்தியிருக்கு" என்று மட்டும் சொல்வார். கட்டடத்தின் வேறு எந்த ஊழியரிடமும் சொல்கிற அதே குரல்.

நான் தினமும் உள்ளுக்குள் சண்டை போட்டேன். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தால் இதுதான் மரியாதையா? நான்கு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்றால், வாங்கினால் வாங்கினதுதான். டெஸ்டில் புரதம் உருமாறவில்லை என்று வந்தபோதும் அவர் அக்காவிடம் மட்டும்தான் சொன்னார். மறுபுறம் பயம் தின்றது. எண் இறங்காவிட்டால், நான் சிரித்த அந்த வியாழக்கிழமையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

மூன்று மாதம் முடிந்தது. டாக்டரம்மா தாளைப் பார்த்துச் சிரித்தார். பூஜ்யம் புள்ளி இரண்டு. "இறங்குது. இன்னும் இறங்கணும். இதே மாத்திரைதான், இதே மாதிரி" என்றார். அக்கா மருந்து வாங்க வரிசையில் போய் நின்றாள். நானும் அவரும் நடைபாதை பெஞ்சில், நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்திருந்தோம். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

"இப்பவாவது பேசுங்களேன் அத்தான்" என்றேன். "நான் அன்னைக்கு சொல்லலைன்னா என்ன ஆகியிருக்கும்? சொன்னது ஒரு தப்பா?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "சொன்னதுக்கா நான் பேசாம இருக்கேன்னு நினைச்ச?"

"பின்ன?"

"எட்டு மாசம் சொல்லாம இருந்தியே, அதுக்கு."

"நீங்கதானே சொல்லாதன்னீங்க!"

"நான் ஆயிரம் சொல்லுவேன். சீக்காளி நான். எனக்கு விரல்தான் கண்ணுல தெரிஞ்சுது, வேலை போயிடும்னு பயம்தான் தெரிஞ்சுது. நீ நல்லா இருக்கிறவ. உனக்குமா புத்தி இல்ல?" குரலை உயர்த்தவில்லை. "வேலை வாங்கிக் குடுத்தேன்னு பார்த்தியா? அந்த நன்றிக்காக என்னைச் சாக விட்டிருப்பியா?"

அக்கா மருந்துப் பையோடு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிட்டீங்களா?"

"பேசிட்டோம்" என்றார் அத்தான்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.